எனக்காகச் சாப்பிடுபவர்

அமலோற்பவம் சிஸ்டர் சொன்னதை நான் ஆறு வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். அவர் சொன்னது ஒரே ஒரு பெயர். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் ஆறு வருடம் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கும்போது நம்பாமலும் இருந்தேன். இரண்டும் ஒரே வாயால் முடிகிற காரியம் என்பதை அதற்கு முன்பு நான் அறிந்திருக்கவில்லை.

எங்கள் பதினோராம் வார்டில் ஒருவர் சாப்பிடுவது இன்னொருவர் உடம்பில் சேரும். பதினெட்டு வயது முடிகிற நாளிலிருந்து இது நடக்கிறது. அதுவரை அவரவர் சோறு அவரவருக்கு. அதற்குப் பிறகு பசியும் ருசியும் சாப்பிடுகிறவருடையவை, சதையும் பாரமும் மற்றவருடையவை. நடப்பதும் ஓடுவதும் அப்படித்தான். நான் காலையில் மைதானத்தை ஐந்து சுற்று ஓடினால் வார்டில் எங்கோ யாருக்கோ இடுப்பு இளைக்கும். யார் யாருக்காகச் சாப்பிடுகிறார் என்ற பட்டியல் நகராட்சி சுகாதாரப் பிரிவில், ஜன்னலோர மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பார்க்கும் உரிமை வார்டு நர்சுக்கு மட்டும்தான் உண்டு. மாத்திரைகள் மட்டும் விழுங்கியவருக்கே வேலை செய்கின்றன. அதை ஏன் அப்படி விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை.

இதனால் எங்கள் வார்டில் யாரும் யாரையும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. பன்னிரண்டாம் வார்டுக்காரர்கள் தெருவில் ஆளைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எங்களுக்கு அதைக் கேட்டால் காது சுடும். முன்பின் தெரியாத ஒருவரின் உடம்புக்குள் கையை விடுவது போன்ற கேள்வி அது. நாங்கள் "மழை வருமா?" என்று கேட்டுக்கொள்வோம். வெயில் காலத்திலும் அப்படித்தான். பந்தியில் பரிமாறுகிறவர் நம் முகத்தைப் பார்க்காமல், வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பதுபோலப் பரிமாறுவார். பெரிய கல்யாணம் ஒன்று நடந்தால், அன்று மாலை அழைப்பே வராத சிலர் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் மனைவி இந்துராணி ஒவ்வொரு கார்த்திகையிலும் இளைத்து, தை பாதியில் பழையபடி ஆகிவிடுவாள். அவளுக்காகச் சாப்பிடுகிறவர் மலைக்கு மாலை போடுகிறவர் என்பது அதிலிருந்து தெரிந்தது. "யாரோ ஒரு சாமிங்க. நல்லா இருக்கட்டும்" என்பாள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். காலையில் இரண்டு இட்லி, மதியம் தயிர்சோறு, இரவில் ஒரு கோதுமைத் தோசை. இந்த அளவை நான் ஒருநாளும் தாண்டியதில்லை. நான் யாருக்காகச் சாப்பிடுகிறேனோ அவர் வார்டிலேயே ஒடிசலான ஆளாக இருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் எனக்கு நன்றி சொல்ல வழியில்லையே என்று வருத்தப்பட்டதும் உண்டு. நானோ நாற்பத்தெட்டு வயதில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். எனக்காக யாரோ இனிப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தினமும் மாலை நான்கு மணிக்கு என் மடியில் யாரோ ஒரு பையைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். அந்தப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக யாரும் வருவதில்லை.

மாசி மாதம் முதல் ஞாயிறு எங்களுக்கு எடை நாள். மிளகாய் வற்றல் மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து பள்ளி மைதானத்தில் வைப்பார்கள். அதில் ஏறி நின்றதும் எல்லோருக்கும் தும்மல் வரும். இரண்டு தும்மலுக்கு நடுவில் முள் நிற்கிற இடத்தைப் பார்த்து நர்ஸ் எழுதிக்கொள்வார். முப்பது வருடமாக அந்த வேலையைச் செய்தவர் அமலோற்பவம் சிஸ்டர். எடை போட்டு முடிந்ததும் மைக்கில் பேசுவார். "எண்ணெயைக் குறைங்க. அரை மணி நேரமாவது நடங்க. ஒரு கை சோறு எடுக்கும்போது அது யார் உடம்புன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க" என்பார். எல்லோரும் தும்மிக்கொண்டே தலையசைப்போம். வீடு வீடாக நடந்தே போய் விசாரிப்பவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவ்வளவு மெலிந்த ஆள் வார்டில் வேறு யாரும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, அவர் ஓய்வு பெற்ற தை மாதத்தில், என் எடை திடீரென்று ஏறத் தொடங்கியது. மாசியில் தராசு தொண்ணூற்றொன்பது கிலோ இருநூறு கிராம் காட்டியது. டாக்டர் பிச்சைமணி என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நூறைத் தொட்டா நின்னுரும் சார்" என்றார். "தொண்ணூத்தொன்பது வரைக்கும் நான் பொறுப்பு. அதுக்கு மேல நீங்களாச்சு, உங்களுக்காகச் சாப்பிடறவராச்சு."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். அதனால் எனக்கு எந்தப் பயனும் இல்லை என்று தெரியும். ஆனால் தட்டைப் பார்த்தாலே கோபம் வந்தது. தண்ணீரும் மோரும் மட்டும் குடித்தேன். காலையில் ஐந்து சுற்றுக்குப் பதிலாகப் பத்துச் சுற்று ஓடினேன். பதினோரு நாள் இப்படிப் போயிற்று. நான்கு மணிப் பை குறையவில்லை. கூடியது. நான்கு மணிக்கு வந்த பை மறுபடி ஐந்து மணிக்கும் வரத் தொடங்கியது. வீட்டுத் தராசு தொண்ணூற்றொன்பது கிலோ எழுநூறு கிராம் காட்டியது. பன்னிரண்டாம் நாள் சிஸ்டரைத் தேடிக்கொண்டு போனேன்.

அவர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். மதுரைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருந்தார். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பே மெலிந்தவர்தான். ஆனால் இப்போது சேலைக்குள் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. மடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"சிஸ்டர், எனக்காகச் சாப்பிடறது யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும் தவசி சார்."

"இன்னும் முன்னூறு கிராம்தான் இருக்கு சிஸ்டர்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"எத்தனை நாளா ஒண்ணும் தொடாம இருக்கீங்க?"

எனக்குக் காது சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "பதினோரு நாள்" என்றேன்.

"ஓடவும் செய்றீங்களா?"

"பத்துச் சுற்று."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதான்" என்றார். எது அதான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தோன்றியது. அவர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு பால்கோவாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மயக்கமாக வருகிறது, டாக்டர் இனிப்பு சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றார். சிறிது நேரத்தில் என் மடியில் பை வந்து உட்கார்ந்தது. பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நான்கு. அது வழக்கமாக வருகிற நேரம்தான்.

"சார், எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடுங்க" என்றார் சிஸ்டர். "இன்னையிலேருந்து மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிடணும். ஓடக் கூடாது. அப்படின்னா பேரைச் சொல்றேன்."

"நான் சாப்பிட்டா எனக்கு என்ன ஆகப்போகுது?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வேற ஒரு உசிரு இருக்குல்ல. அதையும் ஒரு ஆளா நினைங்க."

அவர் நீட்டிய கையில் என் கையை வைத்தேன். தீக்குச்சிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதுபோல இருந்தது. சத்தியம் செய்தேன்.

"மெஸ் பூரணத்தம்மா" என்றார் சிஸ்டர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வந்து நின்ற பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

என் சந்தேகம் அந்தச் சக்கரத்தில்தான் ஆரம்பித்தது. ஆனால் முன்னூறு கிராம் மிச்சமிருக்கிற மனிதன் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

பூரணத்தம்மா மில் ரோட்டில் மெஸ் வைத்திருப்பவர். அறுபது வயது இருக்கும். மறுநாள் மூன்றரை மணிக்கு எதிரில் இருந்த தையல் கடையோரமாக நின்று பார்த்தேன். கடைசி ஆள் கை கழுவிக்கொண்டு போனதும், அந்த அம்மாள் அடுப்பங்கரையில் இருந்த சட்டி பானைகளை எல்லாம் வரிசையாக வழித்தார். அடிச்சோறு, மிஞ்சிய சாம்பார், வண்டல் ரசம், நமத்த அப்பளம், கத்தரிக்காய்க் கூட்டு எல்லாவற்றையும் ஒரு அலுமினியத் தேக்சாவில் போட்டுப் பிசைந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். நான்கு பேர் சாப்பாடு இருக்கும். அவர் கை கழுவும்போது மணி நான்கு. என் மடியில் பை வந்தது. சிஸ்டர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒருவரிடம் போய்ச் சாப்பிடாதீர்கள் என்று சொல்வது எங்கள் வார்டில் நடக்காத காரியம். அதனால் யோசித்தேன். அந்த அம்மாள் ஆசைக்குச் சாப்பிடவில்லை, சோறு வீணாகக் கூடாது என்று சாப்பிடுகிறார். மிச்சம் இல்லையென்றால் சாப்பிட மாட்டார். மிச்சத்தை நான் சாப்பிட்டுவிட்டால் என் உடம்பு குறையும்.

அடுத்த நாள் மூன்று இருபதுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"என்ன வாத்தியாரே, கடை சாத்துற நேரத்துல?"

"சாப்பாடும்மா."

"சாப்பாடெல்லாம் அப்பவே தீந்துபோச்சு. இருக்கிறது மிச்சம்தான்."

"மிச்சமே போடுங்க."

"சம்பளம் போடலையா?"

"போட்டுட்டாங்க."

"வீட்டுல சண்டையா?"

"இல்லம்மா. எனக்கு மிச்சம்தான் பிடிக்கும்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த உடம்போட அலையற ஆளுக்கு இப்படி ஒரு ஆசையா? சரி, உக்காரும். எவன் தலையில எழுதியிருக்கோ" என்று தேக்சாவை என் முன்னால் நகர்த்தினார்.

அன்றிலிருந்து தினமும் நான் அதைச் சாப்பிட்டேன். சத்தியத்துக்காக மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன், உயிருக்காக நான்காவது வேளை. முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மெஸ் விடுமுறை, அன்றும் நான்கு மணிக்குப் பை வந்தது. வீட்டில் அந்த அம்மாள் ஏதாவது சாப்பிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை தேக்சாவைக் காலி செய்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோதே பை வந்தது. அந்த அம்மாள் என் கண்ணெதிரே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலைக்கும் கொஞ்சம் எடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை நான் நம்பவில்லை.

ஆனால் எடை குறைந்தது. நான்கு மாதத்தில் பை இலேசானது. அந்த ஐப்பசி மாதத்தோடு அது வருவதே நின்றுவிட்டது. முதல் எடை நாளில் தொண்ணூற்று மூன்று, இரண்டாவதில் எண்பத்து நான்கு. மூன்றாவது வருடம் எழுபத்து மூன்றாக இருந்தேன். டாக்டர் பிச்சைமணி எழுந்து வந்து கை கொடுத்தார். இந்துராணி பரணிலிருந்து கல்யாணச் சட்டையை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தாள். "உங்களுக்கும் ஒரு சாமி கிடைச்சுட்டாரு போலிருக்கு" என்றாள். தினமும் நான்கு வேளை நான் சாப்பிடுவது வார்டில் யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அந்தச் சட்டையைப் போடும்போது வந்தது. அது யார் என்று யோசித்தேன். பட்டியல் இழுப்பறையில் இருக்கிறது, எனக்குப் பார்க்க உரிமை இல்லை என்று பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

நான்காவது வருடம் அறுபத்தொன்று. அதற்கடுத்து ஐம்பத்திரண்டு.

அதற்கு மேல் அந்தச் சட்டை பொருந்தவில்லை. பள்ளியில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு டிரில் எடுத்தேன். ஆடிக்காற்று வந்தபோது விளையாட்டு அறையிலிருந்து இரண்டு இரும்புக் குண்டுகளை எடுத்துப் பேண்ட் பைகளில் பக்கத்துக்கொன்றாகப் போட்டுக்கொண்டேன். தலைமையாசிரியர் அவற்றைத் திருப்பி வைக்கும்போது ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்படி மட்டும் சொன்னார்.

ஆறாவது எடை நாளில் குண்டுகளைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். புதிதாக வந்திருந்த நர்ஸ் முள்ளை இரண்டு முறை பார்த்தார். நாற்பத்தொன்று. தும்மியபோது ஒரு முழம் பின்னால் போய் விழுந்தேன்.

டாக்டர் பிச்சைமணி இந்தத் தடவை குழாயை வைத்து இன்னும் வெகுநேரம் கேட்டார். "நாப்பதுக்குக் கீழ போனா இதயத்துக்குப் பிடிமானம் இருக்காது சார்" என்றார். "அது பாட்டுக்கு நழுவிரும். எங்க போச்சுன்னு தேட முடியாது."

நான் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன் என்று முடிவு செய்தேன். பூரணத்தம்மாவுக்கு நான் ஒன்றுமே விட்டுவைக்கவில்லை, அதனால் அவர் பட்டினி கிடக்கிறார், நான் கரைகிறேன். ஒரு வாரம் மெஸ் பக்கமே போகவில்லை. எடை இன்னும் அரைக் கிலோ குறைந்தது. எட்டாவது நாள் போனேன். தேக்சாவில் எட்டுப் பத்துத் தோசை அடுக்கியிருந்தது. அன்று மாவு மிஞ்சிவிட்டதாம்.

"வாரும் வாத்தியாரே. ஒரு வாரமா ஆளையே காணோம். தேக்சா உம்மைத்தான் கேட்டுச்சு."

"அம்மா..." என்றேன்.

"சொல்லும்."

"மழை வருமா?"

"அதைக் கேக்கவா கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் நிக்கிறீரு?"

நான் தேக்சாவை அந்த அம்மாள் பக்கமாக நகர்த்தினேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு கையிலிருந்த கரண்டியை ஓங்கினார்.

"யோவ்! என் வயித்துல உமக்கென்னய்யா ஜோலி? வீட்டுல பொண்டாட்டி இருக்கால்ல? பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக்கொடுக்கற ஆளு பண்ற காரியமா இது?"

நான் பேண்ட் பைகளிலிருந்து குண்டுகளை எடுத்து மேஜையில் வைத்தேன். உடனே மின்விசிறிக் காற்றில் என் கால் தரையில் நிற்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் குண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"திரும்பிப் பார்த்தீரு, அவ்வளவுதான்" என்றார். சாப்பிடத் தொடங்கினார்.

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு பைக்காகக் காத்திருந்தேன். ஒரு தோசை, இரண்டு தோசை. என் மடியில் எதுவும் வரவில்லை. எதிரில், தையல் கடையில், காதர் ராவுத்தர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். நான்காவது தோசைக்கு அவர் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினார். ஆறாவதுக்குச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். எட்டாவது தோசையின்போது நாற்காலி காலொடிந்து, தையல் போட்ட துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

சத்தம் கேட்டுப் பூரணத்தம்மாவும் திரும்பினார். கையிலிருந்த தோசையைப் பார்த்தார். ஒரு விள்ளலை வாயில் போட்டார். ராவுத்தர் வயிற்றைப் பிடித்தார்.

"ராவுத்தரா!" என்றார் அந்த அம்மாள் மெதுவாக. "முப்பது வருஷமா எனக்கு ரவிக்கை தைக்கிறாரு. ஒரு நாள் சிரிச்சுப் பேசினதில்ல." மிச்சத் தோசையைத் தேக்சாவில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "நீரு கிளம்பும் வாத்தியாரே. அவரு பார்த்தா என்ன நினைப்பாரு."

ஆகவே சிஸ்டர் சொன்னது பொய். ஆறு வருடமாக நான் சந்தேகித்தது சரிதான். அதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் ஏற்படவில்லை. எனக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர் வார்டில் எங்கோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் யார் என்று சிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் காலை வீட்டுத் தராசில் நாற்பது கிலோ முன்னூறு கிராம். மறுபடியும் அதே முன்னூறு கிராம்தான் எனக்கு மிச்சம் இருந்தது, இந்தத் தடவை கீழ்ப் பக்கமாக.

அந்தோணியார் கோயில் தெருவுக்குப் பல வருடங்களாக நான் போனதில்லை. எனக்குத் தெரிந்து அது சமதரையான தெரு. இப்போது இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிந்திருந்தது. சைக்கிள்களுக்கு ஸ்டாண்டு நிற்கவில்லை, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். குழாயடியில் வழிந்த தண்ணீர் ஒரே திசையில் ஓடியது. நான் நடக்கத் தேவையிருக்கவில்லை. குண்டுகள் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சரிவின் அடியில் இருந்த வீட்டு வாசலில் நிறுத்தின. அது சிஸ்டரின் வீடு.

வாசல் கதவும் அதன் இருபுறச் சுவரும் எடுக்கப்பட்டிருந்தன. செருப்பைக் கழற்றும்போது குண்டுகளையும் எடுத்து வைத்தேன். அவை எனக்கு முன்னால் உள்ளே உருண்டு போயின.

சிஸ்டர் மிளகாய் மண்டித் தராசின் மேல் உட்கார்ந்திருந்தார். மைதானத்துக்கு அவரைக் கொண்டுபோக முடியாததால், எடை நாள் முடிந்ததும் தராசை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். திரும்ப எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. தராசு அவருக்குக் கீழே எங்கோ இருந்தது. முள் மட்டும் தெரிந்தது. இருநூற்றுப் பதினெட்டில் நின்றது. முகம் மட்டும் பழைய முகம். உதடு வெடித்திருந்தது.

"வாங்க தவசி சார். மழை வருமா?"

"வராது போலிருக்கு சிஸ்டர்."

வீட்டுக்கு வருகிறவர் எதையாவது ஒரு வாய் கடிக்காமல் போகக் கூடாது. அது எங்கள் வார்டிலும் உண்டு. ஸ்டூலின் மேல் தட்டில் முறுக்கு இருந்தது. ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். முள் இலேசாக அசைந்தது. தும்மினேன். தற்செயலாக இருக்கலாம் என்று இன்னொன்றை எடுத்துச் சாப்பிட்டேன். முள் மறுபடியும் அசைந்து, அங்கேயே நின்றது. கையிலிருந்த மூன்றாவதைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

இருவரும் கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க சத்தியத்தைக் காப்பாத்துனீங்க சார்" என்றார் சிஸ்டர். "மூணு வேளைன்னுதான் சொன்னேன். நாலாவது எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை."

"பூரணத்தம்மா மெஸ்ஸுல மிச்சம் இருந்துச்சு" என்றேன்.

"ஓ" என்றார். அவர் சொன்ன பெயர் என்ன செய்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரிக்கப் பார்த்தார். தராசு கிறீச்சிட்டது, நிறுத்திக்கொண்டார்.

பின்னால் சமையலறை தெரிந்தது. அடுப்பில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கவிழ்த்து வைத்த பாத்திரங்களின் மேல் தூசி. சுவரோரமாகப் பால்கோவாப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும், எடை நாளில் எழுதுகிற அதே கையெழுத்தில், வாங்கிய தேதி இருந்தது. ஆக அடியில் இருந்ததைக் குனிந்து படித்தேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. என் மடிக்கு நான்கு மணிப் பை வருவது நின்ற மாதம் அது. பஸ் ஸ்டாண்டில் அவர் காகிதத்தைப் பிரித்தபோதும் மணி நான்குதான்.

"உடம்பு பெருக்கப் பெருக்க, தட்டைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு சார்" என்றார் சிஸ்டர் என் முதுகுக்குப் பின்னால். "நான் குறைச்சா எனக்குக் குறையாதுன்னு தெரியும். முப்பது வருஷமா வார்டுக்கே அதைத்தான சொல்லிக்கொடுத்தேன். இருந்தாலும் வாயில வைக்க முடியலை. முதல்ல பால்கோவாவை விட்டேன். அப்புறம் சோறு. இப்ப ரெண்டு வாரமா கஞ்சியும் இறங்கலை." தராசின் முள்ளைப் பார்த்தார். "அது யார் உடம்புன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன் சார். தினமும் நினைச்சேன்."

ஏன் பொய் சொன்னீர்கள் என்பதுதான் நான் வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்த கேள்வி. அதைக் கேட்கத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் என் கால்கள் தரையை விட்டு எழும்பின. குண்டுகள் தராசின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சாண் எழும்பினேன், பிறகு ஒரு முழம். இடது விலாவுக்குள் ஏதோ ஒன்று மெல்ல நழுவியது. தலை உத்தரத்தில் இடிப்பதற்குள் சிஸ்டர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. அவர் பிடியில் என் கை தீக்குச்சிக் கட்டுபோலத் தெரிந்தது.

நான் மேலிருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. என்ன கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தார். எனக்குக் காது சுட்டது.

"சிஸ்டர்," என்றேன், "சாப்பிட்டீங்களா?"